கிழிவதற்காகத் தைத்த சட்டைகள்

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற காலம் முடிந்தால் எனக்கு ஒரு வாரம் கழுத்து திரும்பாது. மே மாதம் தொடங்கி நீலக் கட்டம் போட்ட துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தால், செவிலிமேட்டில் எங்கள் தெருச் சுவர்கூடக் கட்டம் போட்ட மாதிரி தெரியும். அந்த வருடமும் அப்படித்தான். கடைசி மூட்டையைப் பள்ளிக்கூடத்து ஆள் வந்து எடுத்துக்கொண்டு போன மறுநாள், மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, பாய்கூட விரிக்காமல் வெறுந்தரையில் படுத்திருந்தேன். அப்போதுதான் சினிமாவுக்கு உடை பார்க்கிற ஒரு காஸ்ட்யூமர் வந்து கதவைத் தட்டினார்.

ஐம்பது வயதிருக்கும். சென்னைக்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற மறந்துவிட்டு பஸ்ஸிலேயே வந்திருப்பார் போல.

“சினிமா யூனிட்டும்மா. தாமல் ஏரிக்கரையில ஷூட்டிங் நடந்துக்கினு இருக்குது. என் டெய்லருக்கு மஞ்சக்காமாலை, ஊருக்குப் போய்ட்டான். டவுன்ல விசாரிச்சேன். யூனிஃபார்ம்னா உங்களைத்தான் சொன்னாங்க.”

“நான் பசங்களுக்குத் தைக்கிறவ” என்றேன்.

“இவங்களும் பசங்கதாம்மா. வயசுதான் ஆயிடுச்சு” என்றார்.

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. முடியாது என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அன்றைக்கு அதுகூட இல்லை. என் கணவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். இரண்டாவது ஷிப்ட் முடித்து வந்தவரிடம் சொன்னதும் சோற்றைப் பிசைந்த கை நின்றது.

“இன்னிக்குத்தானே நீ படுத்த? அதுக்குள்ள இன்னா சினிமா?”

“காக்கிச் சட்டை ரெண்டு பேருக்கு. அவ்ளோதான்.”

“போய்ட்டு வா. எனக்கு மட்டும் மோர் ஊத்தி வெச்சுட்டுப் போ” என்று மறுபடி பிசைய ஆரம்பித்தார்.

விடிகாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் யூனிட் வேன் வந்து நிற்கும். என்னையும் மெஷினையும் அதில் ஏற்றிக்கொண்டு போவார்கள். தாமலில், நெடுஞ்சாலையை ஒட்டி, ஏரிக்கரைக்குக் கீழே ஒரு தரிசு நிலத்தை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கே பிளைவுட்டில் ஒரு சோதனைச் சாவடி கட்டியிருந்தது. முன்னால் சிவப்பும் வெள்ளையும் அடித்த தடுப்புக் கட்டை. கட்டடத்தில் பாதிக்குத் தமிழ்ப் பலகை, பாதிக்குத் தெலுங்குப் பலகை. உள்ளே அறையின் நடுவே ஒரு மஞ்சள் கோடு.

கதையை காஸ்ட்யூமர் வேனிலேயே சொல்லிவிட்டார். இரண்டு மாநில எல்லையில் ஒரே கட்டடம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அதிகாரி, அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. செலவைக் குறைக்க வேண்டும், இனி இரண்டு பேருக்கும் ஒரே மேஜை, ஒரே ரப்பர் ஸ்டாம்ப் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிடுகிறது. மேற்கொண்டு எல்லாம் சிரிப்பு.

நான் போன முதல் நாள் நிஜ லாரி ஒன்று அந்தத் தடுப்புக் கட்டையைப் பார்த்து ஓரங்கட்டியது. ஓட்டுநர் காகிதங்களோடு இறங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடிகருக்கு ஒரு சல்யூட் வைத்தார். நடிகர் அசரவில்லை. காகிதங்களை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “போ. பார்த்து ஓட்டு” என்று திருப்பிக் கொடுத்தார். லாரி போன பிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவரை யூனிட்டில் பெரியவர் என்பார்கள். ஒரு காலத்தில் அவர் திரையில் வந்து நின்றாலே தியேட்டரில் விசில் பறக்கும். இப்போது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ படம். நம் பக்கத்து அதிகாரி அவர்தான். ஆந்திரா பக்கத்து அதிகாரியாக நடித்தவர் டி.வி.யிலிருந்து வந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவர் சின்னவர். சின்னப் படம் என்பதால் கேரவன் ஒன்றுதான் வாடகைக்கு எடுத்திருந்தார்கள், அது கதாநாயகிக்குப் போய்விட்டது. மற்ற இடத்தில் எங்கே நின்றாலும் வெயில். நான் தைக்கிற ஷாமியானாவில் மட்டும் மெஷினுக்கென்று ஜெனரேட்டர் லைன் கொடுத்திருந்ததால் ஒரு பெடஸ்டல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் இரண்டு பேரும் என்னிடம்தான் வந்து உட்கார்ந்தார்கள், எனக்கு வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர்.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு முதல் மத்தியானமே தெரிந்துவிட்டது.

“ஏம்மா, அந்தத் தம்பிகிட்டச் சொல்லு. ஃபேனை அவர் பக்கமே திருப்பி வெச்சிருந்தா எப்படி?” என்றார் பெரியவர். தம்பி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்.

நான் தலையைத் திருப்பினேன். சின்னவர் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், “இது தானா சுத்துறதுதான்னு சொல்லுங்கக்கா” என்றார்.

நான் ஃபேனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

என் வேலை இதுதான். படத்தில் ஒரு கோழி லாரி வருகிறது. எல்லையில் பழுதாகி நின்றுவிடுகிறது, முன் சக்கரம் அந்த மாநிலத்தில், பின் சக்கரம் இந்த மாநிலத்தில். கேஸ் யாருடையது என்று இரண்டு அதிகாரிகளும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிறார்கள். பெரியவர் ஒரு வசனம் சொல்லி முடித்ததும் இழுக்க வேண்டும். இவர் சட்டைக் கை அவர் கையோடு வந்துவிடும், அவருடையது இவர் கையோடு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து மேலதிகாரியின் ஜீப் வந்து நிற்கும். இரண்டு பேரும் கையில்லாத சட்டையோடு சல்யூட் அடிக்க வேண்டும்.

அந்தச் சட்டைக் கைகள் நடக்கும்போதும் கையைத் தூக்கும்போதும் தாங்க வேண்டும், இழுத்தால் மட்டும் முழுசாகக் கழன்று வர வேண்டும். நீளத் தையலாக வைத்து, நூலைத் தளர்த்தி, இற்றுப்போன பழைய நூலாகப் பார்த்து அடிநூலுக்கான பாபினில் சுற்றிக்கொண்டேன். ஒரு டேக் முடிந்ததும் இரண்டு சட்டையும் என்னிடம் வரும். தொங்குகிற நூலைப் பிடுங்கிவிட்டு மறுபடி கை வைத்துத் தைத்துக் கொடுப்பேன். அதற்குள் இன்னொரு ஜோடி போய் கிழிந்து திரும்பியிருக்கும். எத்தனையோ கிழிசலைத் தைத்திருக்கிறேன். கிழிவதற்கென்று தைத்தது அதுதான் முதல்.

ஒரு டேக்கில் சின்னவர் தலையைச் சொறிந்தார், சட்டைக் கை முன்னாலேயே விழுந்துவிட்டது. ஒன்றில் பாதி வந்து பாதி தொங்கியது. ஒன்றில் எல்லாம் சரியாக வந்தது, கோழிகள் கத்திய கத்தலில் டைரக்டர் வேண்டாம் என்றார். பல டேக்குகள் இவர்கள் சண்டையில் போயின. தன் வசனம் முடியுமுன்னே தம்பி இழுக்கிறார் என்று பெரியவர் நின்றுவிடுவார். அவர் வசனத்தை இழுத்துக்கொண்டே போனால் தான் எப்போது இழுப்பது என்று சின்னவர் டைரக்டரிடம் கேட்பார். சமாதானம் செய்தே டைரக்டருக்குக் குரல் கட்டிக்கொண்டது.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, சின்னவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பெரியவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“என் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் லேசா வைம்மா. எது முதல்ல கிழியுதோ, சிரிப்பு அங்கதான்.”

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண்ணயர்ந்தபோது சின்னவர் வந்து குனிந்தார். “அக்கா, என் சட்டைக் கை ரொம்ப டைட்டா இருக்குது. கொஞ்சம் லூசா விடுங்களேன்.”

“ரெண்டையும் ஒரே மாதிரிதான்பா தைக்கிறேன்” என்றேன்.

“அவரு ஏதாவது சொன்னாரா?”

“வெயில்னு சொன்னாரு.”

சின்னவர் நம்பவில்லை. அன்று சாயங்காலம் பெரியவரும் என் மேல் கோபமாக இருந்தார், அவர் சட்டைக் கை ஒரு நொடி பிந்திக் கழன்றதாம். நான் இரண்டையும் ஒரே மாதிரிதான் தைத்தேன். தினமும் விடிவதற்கு முன் எழுந்து சமைத்துவிட்டு வருகிறவளுக்கு ஓரவஞ்சனை செய்ய ஏது தெம்பு?

வீட்டுக்குத் திரும்பும்போது முதுகு பலகையாகியிருக்கும். என் கணவர் அந்த நேரம் வேலைக்குப் போயிருப்பார். அவர் வரும்போது நான் தூங்கிவிட்டிருப்பேன், நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். மோர்ச் சட்டி காலியாக இருந்தால் அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார் என்று அர்த்தம். அந்த நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டது மிகவும் குறைவு. கோபம் ஒன்றும் இல்லை. ஆளைப் பார்த்தால்தானே பேச.

பெரியவர் சட்டை தளர்ந்துகொண்டே போவதை அந்த வாரம்தான் கவனித்தேன். ஒருநாள் விலாப்பக்கம் கொஞ்சம் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அடுத்து பேன்ட் இடுப்பைப் பிடிக்கச் சொன்னார். பிறகு மறுபடி விலா. கழுத்துப்பட்டை பொத்தான் போட்டும் இரண்டு விரல் நுழைந்தது. யூனிட்டில் எல்லாருக்கும் பிரியாணி வந்தால் அவர் ஒரு ஃபிளாஸ்கைத் திறந்து கஞ்சி ஊற்றிக் குடிப்பார். அதிலும் பாதியைக் கீழே கொட்டிவிடுவார். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னபோது மெல்லத்தான் தூக்கினார்.

“வெயில்ல வத்திப் போறேம்மா” என்றார். “காஸ்ட்யூமர்கிட்ட எதுக்கு, நீயே பிடிச்சுக் கொடுத்துடு. இந்தப் படத்தை முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்.”

எதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கேட்கவில்லை. பிடித்துக் கொடுத்தேன். சட்டை ஒன்றல்லவே, அத்தனை ஜோடியையும் பிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் அவர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நான் அவருடைய சட்டைகளை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். சின்னவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார். ஒரு சட்டையை எடுத்து உள்பக்கம் திருப்பினார். பிடித்த தையலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தையல், அதற்குப் பக்கத்தில் மற்றொன்று. விரலால் தடவிப் பார்த்தார்.

“இது எல்லாமே இங்க வந்த பிறகு பிடிச்சதாக்கா?”

“நீங்களே கேட்டுக்கோங்கபா.”

கேட்கவில்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டுத் தூங்குகிறவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபேனை அவர் பக்கம் நிறுத்தி வைத்துவிட்டு வெயிலில் போய் நின்றுகொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி அந்தக் காட்சி. டைரக்டர் எத்தனை டேக் ஆனாலும் இன்றைக்கு முடித்துவிடுவது என்று இருந்தார். முதல் டேக்கில் பெரியவர் வசனத்தை எப்போதையும்விட நீட்டினார். சின்னவர் அசையாமல் காத்திருந்து, முடிந்த பிறகே இழுத்தார். நன்றாகத்தான் வந்தது. கேமராவுக்காக ஒன்மோர் கேட்டார்கள். சின்னவர் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

“என்னாச்சு?”

“தோள் பிசகிடுச்சு சார். முடியல.”

“ஒண்ணே ஒண்ணு தம்பி.”

“முடியல சார். எடுத்ததை வெச்சுக்கோங்க.”

டைரக்டர் மைக்கை வீசிவிட்டுப் போனார். டி.வி.யில் நாலு பேர் கைதட்டிவிட்டால் இப்படித்தான், திமிர் என்று அசிஸ்டெண்ட் ஒருவர் சின்னவர் காதில் விழும்படியே சொன்னார். பெரியவரும் விடவில்லை. ஷாமியானாவுக்கு வந்து மூச்சு வாங்க உட்கார்ந்து, “முப்பத்தஞ்சு வயசுல தோள்வலியாம்! நாங்கல்லாம் கால் ஒடிஞ்சு நடிச்சிருக்கோம். சொல்லும்மா அவன்கிட்ட” என்றார். அடுத்த நாள் எடுக்க வேண்டிய ஓடுகிற காட்சியையும், துரத்துகிற காட்சியையும் டைரக்டர் வேறு வழியில்லாமல் வெட்டிவிட்டார்.

அன்று வேன் கிளம்பும்போது மெஷினைத் தூக்குகிற பையன்கள் யாரையும் காணவில்லை. நான் தனியாக அதன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். சின்னவர் வந்தார். இரும்புச் சட்டத்தோடு அதைத் தூக்கி, அந்தத் தோள் மேலேயே வைத்துக் கொண்டுபோய் வேனில் ஏற்றினார்.

நான் அவரைப் பார்த்தேன்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா” என்றார். “தெரிஞ்சா அந்த ஆளு என்னை உயிரோட விடமாட்டாரு.”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கடைசி நாள்வரை ஃபேனுக்கும் வசனத்துக்கும் சண்டை. கிளம்புகிற அன்று மட்டும் பெரியவர், யூனிஃபார்மை எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேட்டியில் உட்கார்ந்துகொண்டு, “தோள் எப்படி இருக்குன்னு கேளும்மா” என்றார்.

நான் கேட்டேன்.

“பரவாயில்லன்னு சொல்லுங்கக்கா.”

“தைலம் போடணும்னு சொல்லு.”

“போடுறேன்னு சொல்லுங்க.”

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இடைவெளிதான் இருந்தது. பெரியவர் எழுந்து என்னிடம் கும்பிட்டுவிட்டுக் காருக்குப் போனார். கதவைப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு அவருக்கு வெகுநேரம் ஆனது.

படம் வருவதற்குப் பல மாதங்கள் ஆயின. எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. என் கணவருக்கு ஓய்வு நாள் பார்த்து மத்தியானக் காட்சிக்குப் போனோம். பாதி நாற்காலி காலி. இடைவேளைக்கு முன்னாலேயே அவர் தூங்கிவிட்டார், ஏ.சி.க்காகவே வந்தவர். நான் அந்தக் காட்சிக்குக் காத்திருந்தேன். கோழி லாரி வந்தது, பெரியவர் வசனத்தை நீட்டி நீட்டிச் சொன்னார், சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், இரண்டு சட்டைக் கையும் ஒன்றாகவே வந்தன. யாருடையது முதலில் என்று எனக்கே தெரியவில்லை. ஜனங்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் இருமுகிற அளவுக்குச் சிரித்தாள். கண்மூடித் திறப்பதற்குள் அது முடிந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவருடைய சட்டை உடம்பில் ஒட்டி நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது. நன்றாகத்தான் பிடித்திருக்கிறேன்.

படம் பார்த்துவிட்டேன் என்று சொல்ல காஸ்ட்யூமருக்கு ஃபோன் செய்தேன்.

“பெரியவர் குரல் எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டார்.

“அவர் குரல் மாதிரிதான் இருந்தது. ஏன்?”

“அது அவர் பேசினது இல்லம்மா. டப்பிங் நேரத்துல அவரால வர முடியல. தொண்டையில ஆபரேஷன். சின்னவர்தான் ரெண்டு பேருக்கும் பேசினாரு. டி.வி.ல குரல் மாத்திப் பேசித்தானே அவரு பேர் வாங்கினதே. தயாரிப்பாளர் வேற ஆளைப் போடப் பார்த்தாரு. இவரு விடல. ராத்திரி பகலா உக்காந்து பேசிக் கொடுத்தாரு. பேர்கூட போடச் சொல்லல.”

அந்த வசனத்தை மனதுக்குள் மறுபடி கேட்டுப் பார்த்தேன். அவ்வளவு நீட்டிச் சொன்ன குரலும் சின்னவருடையதுதான், பல்லைக் கடித்துக் காத்திருந்ததும் அவர்தான்.

“பெரியவருக்குத் தெரியுமா?”

“தெரியாம? படத்தை வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினோம். இப்பல்லாம் அவரு எழுதித்தான் காட்டுறாரு. பார்த்து முடிச்சுட்டு சிலேட்டுல எழுதினாரு, ‘அந்த இடத்துல நான் அவ்ளோ இழுக்கமாட்டேன், கெடுத்துட்டான்’னு. சின்னவரும் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. ‘நீங்க இழுத்ததைத்தான் இழுத்தேன்’னு இவரு சொல்ல, அவரு அழிச்சு எழுத, மறுபடி இவரு சொல்ல… நாங்க சாப்பிடப் போய்ட்டோம்மா.”

பெரியவர் அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்தார் என்பதை எல்லாரையும்போல நானும் செய்தியில்தான் தெரிந்துகொண்டேன். அதிக நாள் இல்லை. அன்றைக்கு எல்லாச் சேனலிலும் அவருடைய பழைய படங்களாகப் போட்டார்கள். எங்கள் படத்தை யாரும் போடவில்லை.

காஸ்ட்யூமர் ஒருமுறை மறுபடி கூப்பிட்டார். வாலாஜாபாத் பக்கம் ராஜா ராணிப் படமாம், ஜரிகை வைத்துத் தைக்க வேண்டுமாம். கண் சரியில்லை என்று சொன்னேன், பொய்யில்லை. ஃபோனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் அன்றைக்குப் பகல் முழுக்க வீட்டில் இருந்தார், ஷிப்ட் மாறியிருந்தது.

“யாரு, சினிமாக்காரங்களா?”

“ஆமா. வேணாம்னுட்டேன்.”

“ஏன், போய்த்தான் வாயேன்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, எழுந்து போய் அவரே டீ போட்டார். சர்க்கரை அதிகம். குடித்துவிட்டு, அவர் எதிரிலேயே சுவரில் சாய்ந்து கொஞ்சம் தூங்கினேன்.